ரத்னாங்கி, முத்தங்கி, ஈய அங்கி

வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாளுக்கு ரத்னாங்கி. மூலவர் பெரிய பெருமாளுக்கு முத்தங்கி. விடியற்காலையில் இருந்து க்யூவில் நிற்கும் நமக்கு மங்கி குல்லா. இத்தோடு கணக்கு முடிந்தது என்று நினைத்துக் கொண்டிருந்தேன். ஆனால் சில வருஷங்களாக ஒரு வாட்ஸப் செய்தி நம் வீட்டுப் பெண்களுக்கும் ஓர் அங்கியைச் சிபாரிசு செய்துகொண்டு ஊர் சுற்றுகிறது. ஈயத்தில் செய்தது. கழுத்தில் கட்டிக் கொள்வது.

செய்தியின் சாரம் இதுதான். மார்பகத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் மாமோகிராம் பரிசோதனையில் கதிர்கள் சிதறி, தைராய்டைத் தாக்கி, கேன்சரைக் கொண்டு வருகின்றன. கழுத்துக்கு ஈயக் கவசம் கேளுங்கள். கேட்டால்தான் தருவார்கள். டிராயருக்குள் ஒளித்து வைத்திருப்பார்கள். தெரிந்த பெண்கள் எல்லோருக்கும் உடனே அனுப்பவும். கீழே கை கூப்பும் பொம்மை மூன்று.

எனக்கு இது நாலு தடவை வந்தது. நாலையும் அனுப்பியவர்கள் மீசை வைத்த ஆண்கள். நாலு பேரும் ஆயுசில் மாமோகிராம் மிஷினைப் பார்த்ததில்லை. ஆகவே இந்த வாரம் பெண்களைவிட, ஆபீஸில் டீ வருவதற்குள் நாலு ஃபார்வர்டு தட்டிவிடும் ஆண்களுக்காக எழுதுகிறேன்.

சரக்கு உள்ளூர் தயாரிப்பு இல்லை. 2010-ல் அமெரிக்காவில் டாக்டர் ஓஸ் என்பவரின் பிரபல டி.வி. நிகழ்ச்சியில், பெண்களுக்குத் தைராய்டு கேன்சர் அதிகமாகிறது, மாமோகிராமுக்கும் பல் எக்ஸ்ரேவுக்கும் போகும்போது கழுத்துக்குக் கவசம் கேளுங்கள் என்ற மாதிரி ஒரு யோசனை வந்தது. மறுநாளிலிருந்து எக்ஸ்ரே சென்டர்களில் ஒரே கேள்வி. இ-மெயிலில் ஊர் ஊராகப் பரவியது. 2011-ல் அமெரிக்க ரேடியாலஜி டாக்டர்களின் சங்கம் அளந்து பார்த்த கணக்கை வெளியிட்டுப் பதில் சொன்னது. பதில் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டது. கேள்வி மட்டும் கப்பலேறி, பெயர் மாறி, தமிழ் கற்றுக்கொண்டு உத்தர வீதி வரை வந்துவிட்டது.

*

உத்தர வீதி என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவரின் தாயார் அங்கேதான் இருக்கிறார். வயசு ஐம்பத்தெட்டு. மார்பில் ஒரு கட்டி. எத்தனை மாசமாக இருக்கிறது என்று கேட்டால், "போன நவராத்திரிலேர்ந்து இருக்கும்" என்றாராம். மருமகளுக்குத் தற்செயலாகத் தெரிய வந்து, டாக்டரிடம் போய், அவர் மாமோகிராம் எழுதிக் கொடுத்தார். சீட்டு மூன்று வாரமாக சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்தது.

"சார், நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்களேன். நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா" என்று கூப்பிட்டார். போனேன். காபி வந்தது. டபரா செட், நல்ல டிகாக்ஷன்.

மாமி தெளிவாகப் பேசினார். "கட்டி இல்லேன்னு நான் சொல்லலே. வலி இல்லே. வலிக்காத கட்டிக்கு எதுக்கு மிஷினு? அதுவும் கழுத்துக்குக் கவசம் கட்டாம? இதோ பாருங்கோ, எல்லாம் இதுல போட்டிருக்கு."

போனை நீட்டினார். குடும்ப குரூப். கை கூப்பும் பொம்மை மூன்று. அனுப்பியவர் பெயரைப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர்தான்.

"அம்மா, அது சும்மா ஃபார்வர்டும்மா. நான் அதைப் படிக்கக்கூட இல்லே!"

"படிக்காமயாடா அம்மாவுக்கு அனுப்பினே?"

நண்பர் டபராவுக்குள் பார்த்தார். எல்லா அம்மாக்களும் பிள்ளை அனுப்பியதைப் படிக்கிறார்கள். நாம்தான் அனுப்பியதைப் படிப்பதில்லை.

அன்றைக்கு மாமியிடம் அரை மணி நேரம் பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

*

முதலில், கதிர் சிதறுகிறது என்பது உண்மை. அதில் பொய் இல்லை. எப்படிச் சிதறுகிறது என்பதற்கு கேரம் போர்டை நினைத்துக் கொள்ளுங்கள். ஸ்ட்ரைக்கர்தான் எக்ஸ் கதிர். காய்கள் நம் உடம்பின் அணுக்களில் இருக்கும் எலெக்ட்ரான்கள். நேராக அடித்த ஸ்ட்ரைக்கர் ஒரு காயில் உரசினால் திசை மாறி வேறு பக்கம் போகிறது. போகும்போது கொஞ்சம் சக்தியையும் காய்க்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. 1923-ல் ஆர்தர் காம்ப்டன் என்ற அமெரிக்கர் எக்ஸ் கதிர்களும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்து கொள்கின்றன என்று காட்டி, 1927-ல் நோபல் பரிசு வாங்கினார்.

இந்த இடத்தில் நம்ம ஊர்ப் பெருமை ஒன்றை நுழைத்தே ஆக வேண்டும். ஸ்ரீரங்கத்துக்கு அடுத்த ஸ்டாப்பிங் திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7-ம் தேதி பிறந்த ஒரு குழந்தை பின்னாளில் ஸர் சி.வி. ராமன் ஆயிற்று. 1921-ல் கப்பலில் வரும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து, இது வெறும் ஆகாயத்தின் பிரதிபலிப்பு இல்லை, தண்ணீரே வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது என்று யோசித்தவர். காம்ப்டன் எக்ஸ் கதிரில் கண்டது மாதிரி ஒரு மாறுதல் சாதாரண வெளிச்சத்திலும் இருக்குமா என்று தேடி, கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து 1928 பிப்ரவரி 28-ல் கண்டுபிடித்து, 1930-ல் நோபல். ஆகவே சிதறல் என்ற சமாசாரத்தைச் சொல்லி நம் காவிரிக் கரைக்காரர்களை யாரும் மிரட்டக் கூடாது. பாதி நம்ம வீட்டுச் சரக்கு.

சிதறுகிறது, சரி. எவ்வளவு? எங்கே வரைக்கும்? இதுதான் கேள்வி. வாட்ஸப் செய்தி இந்த இடத்தில் மௌனவிரதம்.

மாமோகிராமில் பயன்படுவது சாதுவான எக்ஸ் கதிர். நெஞ்சு எக்ஸ்ரேவை நூறு கிலோவோல்ட்டுக்கு மேல் வைத்துக்கூட எடுப்பார்கள். மாமோகிராம் 25 முதல் 35 கிலோவோல்ட் வரைக்குள்தான். எலும்பைத் தாண்டி எட்டிப் பார்க்க வேண்டிய வேலை இல்லை, மெல்லிய சதைக்குள் இருக்கும் வித்தியாசத்தைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். இந்தச் சாதுக் கதிர் சதைக்குள் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் போவதற்குள் பாதியாகிவிடும். இன்னொரு சென்டிமீட்டரில் அதில் பாதி. இப்படியே பத்து சென்டிமீட்டர் போனால் ஆயிரத்தில் ஒரு பங்கு மிஞ்சும். சம்பளப் பணம் பத்தாம் தேதி ஆகிற மாதிரி.

தைராய்டு இருப்பது கழுத்தில், தொண்டைக் குழிக்குச் சற்று மேலே. மார்பகத்தில் சிதறிய கதிர் உடம்புக்குள்ளேயே நடந்து அங்கே போய்ச் சேர வேண்டுமென்றால் நடுவழியில் ஏறக்குறைய முழுவதும் காலி. காற்று வழியாகப் போகலாம். ஆனால் தூரம் இரண்டு மடங்கானால் பலம் நாலில் ஒன்று, மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று என்று கரையும். போதாததற்கு மிஷினில் கதிர் வரும் வாயை மார்பகத்தின் அளவுக்கு மட்டும் குறுக்கி வைத்திருக்கிறார்கள். முகம் குறுக்கே வராமல் ஒரு மறைப்பும் உண்டு.

இரண்டு தட்டுகளுக்கு நடுவில் மார்பகத்தை அழுத்துகிறார்களே, அது பெண்களின் பெரிய புகார். நியாயமான புகார், சிலருக்கு நிஜமாகவே வலிக்கிறது. ஆனால் அது வேண்டுமென்று செய்கிற கொடுமை அல்ல. அழுத்தினால் கனம் குறைகிறது. கனம் குறைந்தால் குறைந்த கதிர் போதும், சிதறலும் குறையும், படமும் துல்லியம். சில விநாடி அழுத்தல்தான் அந்தப் பரிசோதனையில் கிடைக்கும் நிஜமான கவசம்.

*

இப்போது கணக்கு. நான் மாமியிடம் கேட்டேன். "மாமி, இங்கேர்ந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ல ஜங்ஷன் போக எவ்வளவு நேரமாகும்?"

"அரை மணி. மெயின்கார்ட் கேட்ல கூட்டம் இருந்தா முக்கால்."

அதேதான். ஒரு மாமோகிராமில் தைராய்டுக்குப் போய்ச் சேரும் கதிர், நாம் சும்மா இருக்கும்போதே இயற்கையிலிருந்து அரை மணி நேரத்தில் வாங்கிக் கொள்கிற அளவு. 2011-ல் அமெரிக்க டாக்டர்கள் சொன்ன கணக்கு இது. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது மேலே ஆகாயத்திலிருந்து காஸ்மிக் கதிர் வருகிறது. கீழே மண்ணிலிருந்து, வழியில் தெரிகிற மலைக்கோட்டைப் பாறையிலிருந்து, வீட்டுச் செங்கல்லிலிருந்து எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வருகிறது. நமக்குள்ளேயே இருக்கும் பொட்டாசியத்தில் ஒரு துளி கதிரியக்கப் பொட்டாசியம். ஒவ்வொரு விநாடியும் நம் உடம்புக்குள் நாலாயிரம் அணுக்கள் போல வெடித்துக் கொண்டிருக்கின்றன. யாரும் பஸ்ஸுக்குக் கழுத்தில் ஈயம் கட்டிக்கொண்டு போவதில்லை. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்பார்.

கதிரின் பாதிப்பை அளக்க மில்லிசீவர்ட் என்று ஓர் அளவு இருக்கிறது. உலக சராசரியில் ஒரு மனுஷன் இயற்கையிலிருந்து ஒரு வருஷத்தில் வாங்குவது சுமார் 2.4 மில்லிசீவர்ட். ஒரு முழு மாமோகிராம் சுமார் 0.4. அதாவது உலகத்தில் இரண்டு மாசம் குடியிருந்த வாடகை. அதிலும் பெரும் பகுதி மார்பகத்துக்கே போகிறது. கண், தைராய்டு, கர்ப்பப்பை இதெல்லாம் மீதிச் சில்லறையில் பங்கு.

அந்தச் சில்லறையால் தைராய்டு கேன்சர் வரவே வராதா? விஞ்ஞானிகள் 'வரவே வராது' என்று சத்தியம் செய்ய மாட்டார்கள், அது அவர்கள் தொழில் தர்மம். அவர்கள் போட்ட கணக்கு, நாற்பது வயதிலிருந்து எண்பது வரை வருஷா வருஷம் எடுத்துக்கொண்டால் 1 கோடியே 71 லட்சம் பெண்களில் ஒருவருக்கும் குறைவு. 2011 ஜனத்தொகைக் கணக்கில் திருச்சி மாவட்டம் முழுவதும் சுமார் 27 லட்சம் பேர். அந்த மாதிரி ஆறு மாவட்டம் நிறையப் பெண்கள், நாற்பது வருஷம் விடாமல் எடுத்துக்கொண்டால் ஒருவருக்கு வந்தாலும் வரலாம்.

நம் பக்கத்திலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலும், கேரளத்தில் கருநாகப்பள்ளி கடற்கரையிலும் மணலில் தோரியம் கலந்த மோனசைட் இருக்கிறது. கருநாகப்பள்ளியில் சில இடங்களில் இயற்கைக் கதிர் மற்ற ஊர்களைவிடப் பல மடங்கு. தலைமுறை தலைமுறையாக அங்கே மீன் பிடிக்கிறார்கள், கல்யாணம் செய்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். சுமார் 70,000 பேரைப் பத்து வருஷத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கதிரின் காரணமாகக் கேன்சர் அதிகமானதாகத் தெரியவில்லை.

*

அப்படியானால் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? முட்டாள்தனமான பயம் என்று தள்ள மாட்டேன். கதிருக்குக் கெட்ட பெயர் சும்மா வரவில்லை. ரான்ட்கன் 1895-ல் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த புதிதில், விளையாட்டுச் சாமான் மாதிரி கையை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி கைகளை இழந்து 1904-ல் செத்துப் போனார். எடிசன் அதற்குப் பிறகு எக்ஸ்ரே பக்கமே போகவில்லை. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் 1936-ல் இப்படிப் பலியான டாக்டர்களுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் நினைவுத் தூண் வைத்தபோது அதில் 169 பெயர்கள்.

தைராய்டுக்கும் கதை இருக்கிறது. 1986-ல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது கதிரியக்க அயோடின் புல்லில் படிந்து, புல்லைத் தின்ற பசுவின் பாலில் வந்து, பாலைக் குடித்த குழந்தைகளின் தைராய்டில் போய் உட்கார்ந்தது. அவர்களில் பலருக்குப் பின்னால் தைராய்டு கேன்சர் வந்தது. குழந்தையின் தைராய்டு கதிருக்கு மிகவும் நோஞ்சான். ஆனால் வயசு ஏற ஏற அது கெட்டிப்பட்டுவிடுகிறது. மாமோகிராமுக்குப் போகிறவர்கள் நாற்பது தாண்டியவர்கள். செர்னோபில் குழந்தையின் பயத்தை ஐம்பத்தெட்டு வயசு மாமியின் கழுத்தில் கட்டுவது பேரன் சட்டையைத் தாத்தாவுக்குப் போடுகிற மாதிரி.

தைராய்டு கேன்சர் கணக்கில் ஏறிக் கொண்டு வருவதும் நிஜம்தான். ஏன் என்று தென் கொரியாவைக் கேளுங்கள். அங்கே ஹெல்த் செக்கப்போடு கழுத்துக்கும் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். 1993-க்கும் 2011-க்கும் நடுவில் தைராய்டு கேன்சர் பதினைந்து மடங்கு ஆகிவிட்டது. ஆனால் அதனால் செத்தவர்கள் எண்ணிக்கை மாறவில்லை. தேடினார்கள், கிடைத்தது, அவ்வளவுதான். அல்ட்ராசவுண்டில் கதிரே கிடையாது, வெறும் சத்தம்.

*

"இருந்துட்டுப் போறது, ஒரு கவசத்தைக் கட்டி விட்டா என்ன குறைஞ்சு போறது?" என்றார் மாமி. எல்லோரும் கேட்கிற கேள்விதான்.

குறைகிறது. கழுத்தில் கட்டிய ஈயம் குனியும்போது சரிந்து படத்துக்குள் வந்துவிடலாம். ஈயம் விழுந்த இடம் படத்தில் மறைந்து போகும். எந்தக் கட்டியைத் தேடி வந்தோமோ அது அந்த நிழலுக்குள் ஒளிந்து கொள்ளலாம். படம் சரியில்லையென்றால் மறுபடி எடுக்க வேண்டும். கதிருக்குப் பயந்து கவசம் கட்டி, கவசத்தால் இரண்டு தடவை கதிர். 2019-ல் அமெரிக்காவின் மருத்துவ இயற்பியல் வல்லுனர் சங்கம் எக்ஸ்ரேக்களில் இடுப்புக்கும் கர்ப்பப்பைக்கும் வழக்கமாகப் போடும் ஈய மறைப்பையே நிறுத்திவிடலாம் என்றது. 2024-ல் அமெரிக்கப் பல் டாக்டர்கள் சங்கமும் தைராய்டுக் காலரை வழக்கமாகப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மிஷின்கள் மாறிவிட்டன. வாட்ஸப் மட்டும் 2010-லேயே நிற்கிறது.

"அப்போ அந்த எக்ஸ்ரே எடுக்கறவா மட்டும் ஏன் கண்ணாடிக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கறா?"

நல்ல கேள்வி. கோயில் மடப்பள்ளியில் நாள் பூரா புகையில் நிற்கிறவருக்கும், ஒரு தொன்னை பொங்கல் வாங்க வந்தவருக்கும் ஒரே சட்டம் இல்லை. மாமி வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவர். அந்தப் பெண்ணுக்கு இது தினசரி வேலை. ஒவ்வொரு தடவையும் துளித் துளியாகச் சேரும். அதனால்தான் அவர்கள் சட்டையில் கதிரை அளக்கும் பட்டை குத்தியிருக்கிறது.

ஆகவே எக்ஸ்ரே சென்டரில் கேட்க வேண்டிய கேள்வி "கவசம் எங்கே?" அல்ல. "உங்க மிஷினுக்கு ஏ.இ.ஆர்.பி. லைசென்ஸ் இருக்கா?" என்பதுதான். 1983-ல் ஏற்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் சுருக்கப் பெயர் அது. நம் நாட்டில் மருத்துவ எக்ஸ்ரே மிஷின் வைக்க அவர்கள் அனுமதி வேண்டும். அனுமதியும் சோதனையும் இல்லாத பழைய மிஷினில் ஒரு படம் எடுப்பது, நல்ல மிஷினில் கழுத்துக் கவசம் இல்லாமல் எடுப்பதைவிட எவ்வளவோ மோசம். கேட்டால் முறைப்பார்கள். பரவாயில்லை, பில் நாம்தானே கட்டுகிறோம்.

இன்னொன்று. ஆபீஸில் நமக்குத் தலைவலி, முதுகுவலி என்றால் "டாக்டர், எதுக்கும் ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாமா?" என்று நாமே கேட்கிறோம். நெஞ்சுக்கு ஒரு சி.டி. என்றால் சுமார் 6, 7 மில்லிசீவர்ட். பதினைந்து மாமோகிராமுக்கு மேல். அதில் மார்பகமும் நேராக மாட்டிக் கொள்ளும். தேவையென்றால் அதையும் எடுத்துத்தான் ஆக வேண்டும், உயிர் காக்கும் சமாசாரம். தேவையில்லாமல் ஆசைக்கு எடுப்பதைத்தான் சொல்கிறேன். யானை போகிற வழியை விட்டுவிட்டு எறும்புக்குக் கதவைச் சாத்துகிறோம்.

*

உத்தர வீதி மாமி அடுத்த புதன்கிழமை போனார். கவசம் இல்லாமல். மாமோகிராம், அல்ட்ராசவுண்ட், பிறகு ஊசி வைத்துத் திசுப் பரிசோதனை. கேன்சர்தான். கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குக் கீழே, கக்கத்து நெறிகளுக்குப் பரவவில்லை. ஆபரேஷன் முடிந்தது. டாக்டர் நண்பரிடம், "நல்ல வேளை, இப்பவாவது வந்தீங்க" என்று மட்டும் சொன்னாராம். அந்த 'இப்பவாவது' அவரை ரொம்ப நாள் தூங்க விடவில்லை. இப்போது குடும்ப குரூப்பில் குட் மார்னிங்கூட இரண்டு தரம் படித்துவிட்டுத்தான் அனுப்புகிறார்.

இந்த விஷயத்தில் நிஜமான ஆபத்து சிதறும் கதிரில் இல்லை, சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் இருந்த மூன்று வாரத்தில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கேன்சர் ஆராய்ச்சி அமைப்பின் மதிப்பீட்டில், 2022-ல் இந்தியாவில் புதிதாக மார்பகக் கேன்சர் வந்த பெண்கள் சுமார் 1,92,000. அதே வருஷம் அதனால் இறந்தவர்கள் சுமார் 98,000. ஒரு நாளைக்கு 270 பேர் போல. ஐந்து டவுன் பஸ் நிறையப் பெண்கள், தினமும். சீக்கிரம் தெரிந்தால் பிழைக்கிற வாய்ப்பு மிக அதிகம். நம் ஊரில் பலர் வெட்கத்தாலும், பயத்தாலும், 'தீபாவளி முடியட்டும்' என்பதாலும் முற்றிய பிறகு வருகிறார்கள். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டை 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆரம்பித்தபோது ஜனங்களுக்கு அந்தப் பெயரைச் சொல்லவே பயம். அங்கே அடுத்த வருஷம் வேலைக்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் இறக்கும் வரை, சீக்கிரம் வாருங்கள், குணமாகும் என்பதைத்தான் சொல்லிக் கொண்டிருந்தார்.

மாமோகிராம்தான் ஒரே வழி என்றும் நினைக்க வேண்டாம். மும்பையில் 1998-ல் ஆரம்பித்து சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை இருபது வருஷம் கவனித்தார்கள். பாதிப் பேருக்குப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கையால் தொட்டுப் பார்த்தார்கள். மிஷின் கிடையாது, கதிர் கிடையாது. 2021-ல் முடிவு வந்தது. ஐம்பது தாண்டிய பெண்களிடம் மார்பகக் கேன்சர் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. நம் அரசாங்கத் திட்டத்திலும் முப்பது வயது தாண்டிய பெண்களுக்குக் கையால் பார்க்கும் பரிசோதனை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கடைசியாகச் சில உபயோகமான தகவல்கள். கதிரைப் பற்றிய ஜாக்கிரதைக்கு அர்த்தமுள்ள இடம், ஒரு தொந்தரவும் இல்லாத இருபத்தைந்து வயது மனைவியை 'எதற்கும் இருக்கட்டும்' என்று மாமோகிராமுக்கு இழுத்துப் போகாமல் இருப்பது. இளவயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் அதில் சரியாகத் தெரியவும் தெரியாது. டாக்டர் பெரும்பாலும் அல்ட்ராசவுண்டில் ஆரம்பிப்பார். அமெரிக்காவில் 2024-ல் வகுத்த விதி, நாற்பதிலிருந்து எழுபத்துநாலு வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. குடும்பத்தில் யாருக்காவது வந்திருந்தால் டாக்டரிடம் முன்னாலேயே சொல்ல வேண்டும். கட்டி, காம்பில் ரத்தம், தோலில் சுருக்கம், காம்பு உள்வாங்குதல், இதில் எது இருந்தாலும் வயசுக் கணக்குப் பார்க்காமல் உடனே டாக்டர். வலி இல்லை என்பது நல்ல சகுனம் இல்லை, ஆரம்பக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. மாமோகிராமில் ஒன்றும் தெரியவில்லை என்று வந்தும் கட்டி கைக்குத் தட்டுப்பட்டால் விடக் கூடாது. பரிசோதனை அன்றைக்குப் பவுடர், சென்ட், டியோடரன்ட் வேண்டாம். படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழுந்து எல்லோரையும் கலவரப்படுத்தும். பழைய படம் இருந்தால் எடுத்துப் போகவும்.

ஆண்களே, இது பெண்கள் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டுகிறீர்களா? மார்பகக் கேன்சர் வருகிறவர்களில் நூற்றுக்கு ஒருவர் போல நம் ஜாதி. பனியனுக்குள் ஒரு கட்டி தட்டுப்பட்டால் நமக்கும் அதே மிஷின், அதே அழுத்தல்.

அடுத்த தடவை அந்தச் செய்தி வந்தால் பண்ண வேண்டியது ஒன்றுதான். அதை அனுப்ப வைத்திருந்த விரலால் அம்மாவுக்குப் போன் போட்டு, "ஏதாவது கட்டி கிட்டி இருக்காம்மா?" என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும். மனைவியையோ அக்காவையோ விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். கூச்சத்துக்கு மட்டும் இன்னும் யாரும் கவசம் கண்டுபிடிக்கவில்லை.